அண்ணனுக்கு வைத்திருந்த காப்பு

அவன் மண்டையை உடைத்தது நான்தான். அம்மிக்குழவியால். இடது காதுக்கு மேலே. அந்த இடத்தில் இன்றைக்கும் முடி முளைக்கவில்லை. முடி வெட்டுகிற ஆள் கேட்டால் மோட்டார் சைக்கிளில் விழுந்தேன் என்று சொல்லிக்கொள்வார். வீட்டுக்கு வந்ததும் அதைத் தடவிக்கொண்டு, "உன் கையெழுத்து ஒண்ணும் அழியல" என்பார்.

இப்போது அவர் என் வீட்டுக்காரர். அப்போது அவன். இதில் அவன் என்றே எழுதுகிறேன். அந்த நாளில் மரியாதை கொடுக்கிற நிலைமை இல்லை.

தில்லியில் நாங்கள் இருந்தது நாலா ஓரம். நாலா என்றால் சாக்கடைக் கால்வாய். அகலம் ஒரு ஆறு மாதிரி இருக்கும். அதன் கரையில் வரிசையாக ஜுக்கிகள், அதாவது குடிசைகள், எல்லாம் தமிழ் ஜனங்கள், விழுப்புரம் கள்ளக்குறிச்சிப் பக்கம். ஆண்கள் கட்டட வேலை. பெண்கள் பெரிய வீடுகளில் பாத்திரம் துலக்குவது, தரை துடைப்பது. அப்பாவும் அம்மாவும் தில்லிக்கு வந்து தில்லியிலேயே போய்ச் சேர்ந்தவர்கள். எனக்கு மிச்சம் அண்ணன் ஒருத்தன். கொத்தனார். அவன் வைத்த செங்கல் வரிசையில் நூல் பிடிக்க வேண்டாம்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் கிராமம். பெயர்தான் கிராமம், வயல் கிடையாது. வயலையெல்லாம் விற்று நாலு மாடி கட்டி வாடகைக்கு விட்டிருந்தார்கள். வாசலுக்கு வாசல் ஜீப். அவர்களை நாங்கள் காவ்வாலா, கிராமத்தான், என்போம். அவர்கள் எங்களை மதராசி என்பார்கள். அவர்கள் சொல்லும்போது அது ஒரு ஊர்ப்பெயர் மாதிரி இருக்காது.

அங்கே பெரிய வீட்டுக்காரர் ஒருவர். ஊரே தாவுஜி என்று கூப்பிடும். பெரியப்பா என்று அர்த்தம். நாலாக் கரையும் எங்கள் பாட்டன் நிலம் என்று அவர் சொல்ல ஆரம்பித்தது மெட்ரோவுக்குத் தூண் எழும்பிய பிறகு. அதற்கு முன்னால் அந்த நாற்றத்தில் அவர் வீட்டு நாய்கூட வந்து நின்றதில்லை.

அந்தத் தாவுஜி வீட்டில்தான் நான் பாத்திரம் துலக்கினேன்.

அவன் தாவுஜியின் தம்பி மகன். அப்பா இல்லை. பெரியப்பா சாப்பாடு. டிராக்டர் ஓட்டுவான், வாடகை வாங்கி வருவான், அடி என்று சொன்ன ஆளை அடிப்பான். அந்த வீட்டு ஆண்கள் சாப்பிட்ட தட்டிலேயே கை கழுவிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவார்கள். இவன் மட்டும் தட்டை எடுத்து வந்து அலசித் தொட்டியில் வைப்பான். ஒருநாள் கேட்டேன். அவன் பேசியதெல்லாம் ஹிந்தி, நான் தமிழில் எழுதுகிறேன்.

"நீ ஏன் அலசற? அதுக்குத்தான நான் வர்றன்."

"இந்த வீட்டுல எனக்கும் சோறு சும்மா வரல" என்றான்.

அவ்வளவுதான் பேச்சு. ஆனால் குளிர்காலத்தில் ஒன்று நடந்தது. தில்லிக் குளிரில் காலைத் தண்ணீரில் கை வைத்தால் எலும்பு வரைக்கும் ஏறும். நான் போகும்போது வாளியில் வெந்நீர் இருக்கும். யாரோ தண்ணீர் சுடவைக்கிற கரண்டு ராடு போட்டு வைத்திருப்பார்கள். கரண்டு பில் வந்தால் அந்த வீட்டுப் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி திட்டிக்கொள்வார்கள். ராடு போட்டது யார் என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்தது மாதிரி நான் காட்டிக்கொள்ளவில்லை.

வெயில் காலத்தில் தாவுஜி ஆட்கள் முதல் தடவை வந்து அடித்தார்கள். பகல் நேரம். முன்னால் டிராக்டர், பின்னால் தடியும் ஹாக்கி மட்டையுமாக ஆட்கள். கடைசி வரிசை ஜுக்கிகளை டிராக்டரால் தள்ளினார்கள். ஒற்றைச் செங்கல் சுவர், தொட்டால் விழும். அண்ணன் ஒரு வீட்டுக்குள்ளிருந்து கேஸ் சிலிண்டரை இழுத்துக்கொண்டிருந்தான். சுவர் வலது கை மேல் விழுந்தது. விழுந்த செங்கல் மேல் டிராக்டர் ஏறி இறங்கியது. அண்ணன் கத்தவில்லை. கையை உருவப் பார்த்தான். வரவில்லை. நாங்கள் செங்கலைப் பொறுக்கித்தான் எடுத்தோம்.

ஆஸ்பத்திரியில் மூன்று விரலை எடுத்தார்கள். மிச்சம் இரண்டு இருக்கிறது, மடங்காது. கொத்தனாருக்கு வலது கை போனால் என்ன மிச்சம் என்று எழுத வேண்டியதில்லை.

டிராக்டர் ஓட்டியவன் அவன்.

மறுநாள் நான் வேலைக்குப் போனேன். அவன் கட்டிலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தட்டை அவன் கையிலிருந்து பிடுங்கினேன். ரொட்டியோடு குப்பையில் கொட்டினேன். தட்டைச் சுவரில் அடித்தேன். பெண்கள் ஓடிவந்து கத்தினார்கள். அவன் அசையவில்லை, எச்சில் கையை அப்படியே வைத்துக்கொண்டிருந்தான். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அந்த வேலை அன்றோடு முடிந்தது.

பிறகு ஆடி வந்தது.

ஜுக்கிக்கு நடுவே வேப்பமரத்தடியில் மாரியம்மன் வைத்திருந்தோம். தகரக் கூரை, செங்கல் மேடை. மேடை அண்ணன் கட்டியது. ஆடியில் காப்பு கட்டிக் கூழ் ஊற்றுவோம். காப்பு என்பது மஞ்சளில் நனைத்த நூலும் அதில் கோத்த ஒரு மஞ்சள் கிழங்கும். முதலில் அம்மனுக்குக் கட்டுவார்கள். பிறகு தீச்சட்டி எடுக்க நேர்ந்துகொண்டவர்கள் கையில் கட்டுவார்கள். கட்டியவன் காப்பை அவிழ்க்கும்வரை எல்லையைத் தாண்டக் கூடாது. அவன் ஆத்தாளுடைய ஆள். அவன் மேல் யாரும் கை வைக்கக் கூடாது. அவன் ரத்தம் எல்லைக்குள் விழுந்தால் ஜனங்களுக்கு அம்மை வாரிக்கொண்டு போகும் என்பார்கள். இதை மீறி நான் பார்த்ததில்லை. குடித்துவிட்டு வந்து அம்மாவை அடிக்கிறவனைக்கூட, காப்பு கட்டியிருந்தால் ஒன்றும் செய்ய மாட்டார்கள். அவிழ்த்த மறுநாள் சேர்த்து வைத்து உதைப்பார்கள்.

அந்த வருஷம் அண்ணன் நேர்ந்துகொண்டான். மிச்சமிருக்கிற கையால் சட்டி எடுப்பேன் என்றான். எதற்கு என்று கேட்டேன். "அவனை என் கையில குடுன்னு கேட்டிருக்கன்" என்றான். அண்ணனுடைய காப்பை நான்தான் மஞ்சளில் நனைத்துத் தட்டில் வைத்திருந்தேன். அண்ணன் குளித்துவிட்டு வரக் குழாயடிக்குப் போயிருந்தான்.

அந்த நேரம் பார்த்து அடித்தார்கள். ஆண்கள் எல்லாம் கோயிலடியில் இருப்பார்கள், கையில் ஒன்றும் இருக்காது என்று தெரிந்து வந்தார்கள். இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டார்கள். முகத்தில் துண்டு கட்டியிருந்தார்கள். இரும்புக் கம்பி. எதிர் வீட்டு அக்காவின் முன்கை முறிந்து எலும்பு வெளியே தெரிந்தது. ஒரு ஆள் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு பல்லைத் துப்பினான். கடைசி வரிசையில் தீ வைத்தார்கள். சின்ன சிலிண்டர் ஒன்று வெடித்தது. அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் எனக்குக் காது கேட்கவில்லை.

என் வீட்டுக்குள் அவனும் இன்னொருத்தனும் வந்தார்கள். துண்டு இருந்தது. ஆனால் நடை தெரியுமே. அவன் தண்ணீர் டிரம்மைக் கம்பியால் குத்தினான். டிவியை உடைத்தான். திரும்பினான். என்னைப் பார்த்தான். நான் அம்மி பக்கத்தில் இருந்தேன். குழவியை இரண்டு கையாலும் தூக்கினேன். யார் என்று தெரிந்துதான் அடித்தேன்.

சத்தம் தேங்காய் மாதிரி வரும் என்று நினைத்திருந்தேன். அப்படி வரவில்லை. ஈரமான சத்தம். அவன் வாசற்படி மேல் விழுந்தான்.

மற்றவன் என் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். முன்பல் ஒன்று போனது. அதற்குள் தெருப் பெண்கள் கொதிக்கிற கூழோடு அண்டாவையே தூக்கி வந்து அவன் முதுகில் ஊற்றினார்கள். தோலோடு சட்டை ஒட்டிக்கொண்டு ஓடினான். அவனைப் பார்த்து மற்றவர்களும் ஓடினார்கள். கூழ் சட்டையைக் கழற்றினாலும் விடாது.

அவன் மட்டும் என் வாசலில் கிடந்தான். துண்டு விலகியிருந்தது. மூச்சு இருந்தது. கண் திறந்திருந்தது.

தெருமுனையில் எங்கள் ஆண்கள் வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் அண்ணன். ஈர வேட்டி. இடது கையில் கோயில் கொடுவாக்கத்தி, கிடா வெட்டுவது.

நான் தட்டிலிருந்த காப்பை எடுத்தேன். உட்கார்ந்து அவன் கையைத் தூக்கி மணிக்கட்டில் கட்டினேன். என் வாயிலிருந்து ரத்தம் ஒழுகி அவன் சட்டையில் விழுந்தது. மஞ்சள் எது ரத்தம் எது என்று தெரியாமல் கட்டினேன்.

அண்ணன் வந்துவிட்டான்.

"தள்ளு."

"காப்பு கட்டியாச்சி."

"எவன் காப்பு?"

"உன்னுது."

அண்ணன் கத்தியை ஓங்கினபடியே நின்றான். பின்னால் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "இன்னாடி பண்ண, இன்னாடி பண்ண" என்று மெதுவாகக் கேட்டான். அதற்கு அவன் என்னை வெட்டியிருக்கலாம்.

பிரதான் வந்தார். ஜுக்கிக்குத் தலைவர், பூசாரியும் அவர்தான். மற்ற நாளில் இட்லி வண்டி தள்ளுவார். அவருக்கும் நெற்றி பிளந்திருந்தது. குனிந்து அவன் கையைத் தூக்கி நூலைப் பார்த்தார்.

"யாரு கட்டுனது?"

"நான்தான் மாமா."

"எத்தினி முடிச்சி போட்ட?"

"மூணு."

"போச்சி போ. காப்புக்கு ஒரு முடிச்சிதாண்டி. மூணு முடிச்சி தாலிக்கு."

எலும்பு முறிந்து உட்கார்ந்திருந்த எதிர் வீட்டு அக்கா சிரித்துவிட்டாள். "பொம்பள கட்டுனா செல்லாது மாமா" என்று ஒருத்தன் சொன்னான். "நீ போயி அம்மன்கிட்ட சொல்லு, செல்லாதுன்னு" என்றார் பிரதான். 

பிரதான் சொன்னது இதுதான். கட்டின காப்பை நடுவில் அறுக்க முடியாது. இவன் எல்லைக்குள் இருக்க வேண்டும். அண்ணனுக்குப் பதிலாக இவன்தான் தீச்சட்டி எடுக்க வேண்டும். சட்டியைக் கீழே போட்டால் அந்த இடத்திலேயே காப்பு போயிற்று.

"அவுத்த பொறவு?" என்று அண்ணன் கேட்டான்.

"அது உன் பாடு."

"செரி. அன்னிக்கு வெட்டறன்" என்றான். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, ஹிந்தியிலும் ஒரு தடவை சொன்னான்.

ஏன் கட்டினாய் என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். அவன் செத்தால் போலீஸ் எங்கள் ஆண்களை அள்ளிக்கொண்டு போகும், பிறகு ஜுக்கி மிஞ்சாது என்று சொன்னேன். அது நிஜம். வாளி வெந்நீரைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை.

அவனைக் கோயில் கொட்டகையில் போட்டார்கள். கம்பவுண்டர் ஒருவர் வந்து தையல் போட்டார். மரத்துப்போகிற ஊசி கையில் இல்லை. நாலு பேர் அவனை அமுக்கினார்கள். நான் தலையைப் பிடித்தேன். நான் உடைத்தது, நான்தானே பிடிக்க வேண்டும். அவன் என் புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டான். ஓட்டை விழுந்த அந்தப் புடவையை ரொம்ப நாள் கட்டினேன்.

போலீஸ் வந்தது. சுற்றிப் பார்த்தது. தீ எப்படிப் பிடித்தது என்று எங்களையே கேட்டது. போய்விட்டது.

பிறகு தாவுஜி வந்து ரோட்டோரம் நின்றார். ஆட்கள் இருந்தார்கள். அவனைக் கூப்பிட்டார்.

"ஏய், வாடா வெளிய. எவன் தடுக்கறான்னு பாக்கறேன்."

அவன் கொட்டகையிலிருந்தே சொன்னான். "மண்டை சுத்துது தாவுஜி. நடக்க முடியல."

எனக்குச் சிரிப்பு வந்தது. அன்று காலையில்தான் நாலாக் கரை வரைக்கும் அவனே நடந்து போய் ஒன்றுக்கு இருந்துவிட்டு வந்தான். பின்னாலேயே அண்ணன் கத்தியோடு போய் வந்தான்.

கூழ் கொண்டுபோனபோது கேட்டேன்.

"நடக்கத் தெரியுமே உனக்கு."

"போனா கொளுத்திடுவாங்க. நான் உள்ள இருந்தா கொளுத்த மாட்டாங்க."

"எங்க மேல இன்னா அக்கறை?"

"டிவிய ஒடச்சிட்டேனே."

"எங்க வூட்டுக்கு ஏன் வந்த? அத்தினி வூடு இருக்குது."

"நான் வரலைன்னா வேற எவனாவது வந்திருப்பான்."

"வந்தான். பல்லைப் பேத்தான்."

"பாத்தேன். கீழ கெடந்தேன்."

"நான்தான் படுக்க வச்சன்."

அவன் கூழைக் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான். "சிமெண்ட்டா இது?" என்றான். பசித்தால் இறங்கும் என்றேன். இறங்கியது. பாத்திரத்தை அலசிக் கொடுத்தான்.

எதிரே வேப்பமரத்தடியில் அண்ணன் உட்கார்ந்திருந்தான். இடது கையால் கத்தி தீட்டப் பழகிக்கொண்டிருந்தான். கல் நழுவும். கால் விரலால் அழுத்திக்கொண்டு தீட்டுவான். அவனுக்கும் நான்தான் கூழ் ஊற்றினேன். வாங்கிக்கொண்டான். 

இன்னொரு நாள் அவனிடம் அதைக் கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"டிராக்டர் ஏத்தும்போது அண்ணனைப் பாத்தியா?"

"செவுத்துக்குப் பின்னாடி ஆள் இருக்குன்னு தெரியும். சத்தம் கேட்டுச்சு."

"தெரிஞ்சுமா ஏத்துன?"

"பின்னாடி தாவுஜி நின்னாரு. ஏத்தினேன்."

குழவியை இன்னும் கொஞ்சம் ஓங்கியிருக்கலாம் என்று தோன்றியது. எழுந்து போனேன். பாதியில் திரும்பி வந்தேன்.

"அண்ணன் கேட்டா செவுத்தை மட்டும்தான் பாத்தன்னு சொல்லு. வேற எதுவும் சொல்லாத. நாலா மேல தண்ணிக் குழா போவுது. முடிஞ்சா அது மேல ஏறிப் போயிடு."

"போனா உன்ன விடுவாங்களா?"

நான் வந்துவிட்டேன். அவன் போகவில்லை.

தீச்சட்டி நாள் வந்தது. தீச்சட்டி என்பது மண்சட்டி. அடியில் மணலை நன்றாகப் போட்டு, அதன் மேல் விறகு அடுக்கி, எண்ணெய் ஊற்றிக் கற்பூரம் வைத்துக் கொளுத்துவார்கள். மணல்தான் சூட்டைத் தாங்கும். கையில் ஈர வேப்பிலைக் கொத்து வைத்து அதன் மேல் சட்டியை வாங்கிக்கொள்வார்கள். நேர்ந்துகொண்டவன் வீட்டார் சட்டியை அடுக்க வேண்டும். அது அண்ணன் நேர்த்திக்கடன். ஆகவே அண்ணன் அடுக்கினான். ஒற்றைக் கையால், பொறுமையாக.

நான் போய்ப் பார்ப்பதற்குள் கொளுத்திவிட்டான். விளிம்பைத் தொட்டு அசைத்துப் பார்த்தேன். சட்டி லேசாக இருந்தது. அடியில் மணல் இல்லை.

அண்ணன் என்னைப் பார்த்தான். "கைக்குக் கை" என்றான்.

பிரதானிடம் ஓடினேன். அவர் ஏற்கனவே சட்டியைத் தூக்கி அவன் கையில் வைத்துவிட்டார். பம்பை அடிக்க ஆரம்பித்தது.

அவனுக்கு ஒன்றும் தெரியாது. இப்படித்தான் இருக்கும், மதராசிகள் எல்லாரும் இதைத் தாங்குகிறார்கள் என்று நினைத்திருக்கிறான். பிறகு சொன்னான். மஞ்சள் வேட்டி, தலையில் கட்டு, கழுத்தில் வேப்பிலை. நடக்க ஆரம்பித்தான். இரண்டாவது தெரு திரும்புவதற்குள் வேப்பிலை கருகிச் சுருண்டது. பிறகு தோல் வாடை வந்தது. பக்கத்தில் அண்ணன், இடுப்பில் கத்தி. கீழே போட்டால் போதும் என்று அவன் கையையே பார்த்துக்கொண்டு நடந்தான்.

சட்டி எடுப்பவர்கள் காலுக்குப் பெண்கள் மஞ்சத்தண்ணீர் ஊற்றுவோம். நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். காலுக்கு ஊற்றவில்லை. மணிக்கட்டுக்கு ஊற்றினேன்.

"ஏய் பொண்ணே, நெருப்ப அணைச்சிடப் போற" என்று பிரதான் கத்தினார்.

"அணைஞ்சா அணையட்டும் மாமா. அடியில மணலே இல்ல, கை வேவுது" என்றேன்.

அவர் சட்டியைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். பம்பைக்காரர்களிடம், "ஜல்தி, ஜல்தி. சுருக்க நடங்கடா" என்றார். அவரால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். வழியில் சட்டியை இறக்க முடியாது.

எல்லை ரோட்டோரம். அங்கே தாவுஜியும் ஆட்களும் நின்றிருந்தார்கள். எங்கள் சாமி போகிறது, பத்துத் தப்படியில் அவர்கள் கம்பியோடு நிற்கிறார்கள். அவன் அந்த இடத்துக்கு வந்தான்.

"தூக்கிப் போட்டுட்டு வா" என்றார் தாவுஜி. "ரோட்டைத் தாண்டு. மத்ததை நான் பாத்துக்கறேன்."

போட்டிருக்கலாம். போட்டால் கை தப்பும். நாலு எட்டு வைத்தால் உயிரும் தப்பும், அண்ணன் எட்டிப் பிடிப்பதற்குள். அன்றைக்கே எங்களைக் கொளுத்தியும் இருப்பார்கள். அவன் ரோட்டைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். என் பல் போன வாய் திறந்தே இருந்தது.

"கை காலி இல்ல, தாவுஜி" என்றான்.

திரும்பி நடந்தான்.

கோயிலில் சட்டியை இறக்கும்போது உள்ளங்கைத் தோல் சட்டியோடு போனது. அவன் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், வேறு யாருடைய கையோ மாதிரி.

பிரதான் காப்பை அவிழ்க்க முடிச்சைப் பார்த்தார். மூன்று முடிச்சும் ரத்தத்தில் இறுகிப்போயிருந்தது. "இது உன் காப்பு. நீயே அறு" என்று அண்ணனிடம் சொன்னார். சொல்லிவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார்.

அண்ணன் கத்தியை எடுத்தான். அவன் கையை நீட்டினான்.  அண்ணன் கத்தி முனையை நூலுக்கு அடியில் விட்டான். அறுக்கவில்லை. ஹிந்தியில் கேட்டான்.

"செவுத்துக்குப் பின்னாடி நான் இருந்தது தெரியுமா?"

பம்பை நின்றிருந்தது. நான் அவனைப் பார்த்துத் தலையை ஆட்டினேன், தெரியாது என்று சொல் என்று. அவன் என் பக்கம் பார்க்கவில்லை.

"ஆள் இருக்குன்னு தெரியும். நீன்னு தெரியாது."

"தெரிஞ்சிருந்தா?"

"அப்பவும் ஏத்தியிருப்பேன். அன்னிக்கு நான் அப்படி."

அண்ணன் முகத்தை நான் பார்த்தேன். கொலை செய்கிறவன் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும் என்று அப்போது நினைத்தேன். கத்தியை இழுத்தான். மணிக்கட்டில் ரத்தம் வந்தது. நான் கத்தினேன். நூல் விழுந்தது. மேல்தோல்தான் கிழிந்திருந்தது.

அண்ணன் அவன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தான். 

"விரல் மடங்குமா?"

"தெரியல."

"எனக்கு மடங்காது" என்றான். கத்தியைக் கொட்டகைக் கூரையில் செருகினான். "போ. என் கண்ணுல படாத."

அவன் ரோட்டைத் தாண்டிப் போனான். அவனுடைய ஆட்களே அவனை ஜீப்பில் ஏற்றினார்கள். தாவுஜி வீட்டு மாட்டுக் கொட்டகையில் பூட்டி வைத்து அடித்தார்கள் என்று கேள்விப்பட்டோம். தோள்பட்டை எலும்பு உடைந்தது. மதராசிச் சாமி தூக்கியவன் என்று வீட்டுக்கு வெளியே படுக்க வைத்தார்கள்.

கரை எங்களுக்கு நிலைக்கவில்லை. குளிர்காலத்தில் சர்க்கார் ஆட்கள் இடிக்கச் சொல்லிக் காகிதத்தோடு வந்தார்கள். பெரிய மஞ்சள் மிஷின், போலீஸ், எல்லாம். தடியில்லாமலே வேலை முடிந்தது. காலையில் ஆரம்பித்தார்கள், மதியத்துக்குள் நாலாக் கரை வெறும் கரை. ஜனங்கள் மூட்டையோடு ரோட்டில் உட்கார்ந்திருந்தோம். அண்ணன் அம்மனைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றான்.

அப்போது ஒரு டெம்போ வந்து நின்றது. ஓட்டி வந்தவன் அவன். ஒரு தோள் தாழ்ந்திருந்தது. கையில் துணி சுற்றியிருந்தது. யாரும் கூப்பிடவில்லை. இறங்கினான். எங்கள் சாமான்களை ஏற்ற ஆரம்பித்தான். கட்டில், டிரம், பாத்திரம். அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். போ என்று சொல்லவில்லை.

அம்மியை ஏற்றிவிட்டுக் குழவியைக் கையில் வைத்துப் பார்த்தான்.

"இதானா?"

"இதான்."

"கனமாத்தான் இருக்கு. நான் முன்னாடி வைக்கறேன். பின்னாடி உருண்டா யார் மண்டையாவது உடையும்."

அதன் பிறகு அவன் அந்த வீட்டுக்குப் போகவில்லை. நானும் அவனை அனுப்பவில்லை.

இப்போது தில்லியிலேயே துவாரகாவுக்குப் பின்னால் வாடகைக்கு இருக்கிறோம். நான் சொசைட்டி பிளாட்டுகளில் சமைக்கிறேன். அவர் ஏர்போர்ட்டில் சரக்கு வண்டி ஓட்டுகிறார். உள்ளங்கையில் சூடு உறைக்காது. தவாவிலிருந்து ரொட்டியை வெறும் கையால் எடுப்பார். குளிர்காலத்தில் எனக்கு முன்னால் எழுந்து வாளியில் ராடு போடுகிறார். கரண்டு பில்லுக்கு இப்போது நான் கத்துகிறேன்.

அம்மனை ஊருக்கு வெளியே சர்க்கார் எங்கள் ஜனங்களுக்குக் கொடுத்த இடத்தில் வைத்திருக்கிறோம். அண்ணன் அங்கேயே இருக்கிறான். பந்தோபஸ்து வேலை, இரும்புக் கேட் திறந்து மூடுவது. அவரோடு பேச மாட்டான். எங்கள் வீட்டுப் படி ஏறியதில்லை. என்னோடு போனில் பேசினால் "அவன் இருக்கானா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவான். அவரை மன்னித்துவிடு என்று நான் கேட்டதில்லை. கேட்பதற்கு அந்தக் கை என்னுடையது இல்லை.

ஆடியில் மட்டும் போகிறோம். அவர் ஒவ்வொரு வருஷமும் சட்டி எடுக்கிறார். ஒரு முடிச்சுதான், பிரதான் கட்டுகிறார். சட்டியை அண்ணன்தான் அடுக்குவான். வேறு யாரையும் தொட விடமாட்டான். அவன் கொளுத்துவதற்கு முன்னால் நான் போய்ப் பக்கத்தில் நின்று உள்ளே பார்த்துவிடுவேன். அவன் எனக்குத் தெரிகிற மாதிரி சட்டியைச் சாய்த்துக் காட்டுவான்.

இந்த வருஷமும் பார்த்தேன். மணல் போட்டிருந்தான். கொஞ்சம்தான்.